ஒரு சுரத்துக்காக மட்டும் நினைக்கப்பட்ட ஓபரா: ‘லோன்ஜுமோவின் அஞ்சல் வண்டிக்காரன்’ ஒளிவட்டு மதிப்புரை

அதோல்ஃப் ஆதாம் இசையமைத்த ‘லோன்ஜுமோவின் அஞ்சல் வண்டிக்காரன்’ என்ற பிரெஞ்சு ஓபராவைப் பல ஆண்டுகளாக நான் ஒரே ஒரு பாட்டாகத்தான் அறிந்திருந்தேன். டெனர் எனப்படும் உச்ச ஆண்குரல் வகையைச் சேர்ந்த பழைய பாடகர்களின் தொகுப்பு எதை எடுத்தாலும் அந்தப் பாட்டு அதில் இருக்கும். துள்ளலான தாளத்தில் தொடங்கி, கோரஸ் பல்லவியைத் திருப்பிப் பாட, முத்தாய்ப்புக்குச் சற்று முன்னால் குரல் மேல்ஸ்தாயி ‘ரே’ சுரத்துக்கு (மேலைச் சுரவரிசையில் ‘தோ’வுக்கு அடுத்தது) தாவி இறங்கும். டெனர்களின் எல்லை என்று பலரும் கருதும் மேல் ‘தோ’வுக்கும் ஒரு முழுச் சுரம் மேலே இருக்கிறது அது. அந்த ஒரு தாவலைக் கேட்டுவிட்டு அடுத்த பாடகருக்குப் போய்விடுவதே என் வழக்கமாக இருந்தது. பாட்டுக்கு முன்னும் பின்னும் மூன்று அங்கங்கள் கொண்ட ஒரு நாடகம் இருக்கிறது என்பதை, பாரிஸின் ஓபரா கொமீக் அரங்கில் 2019இல் நடந்த நிகழ்ச்சியைப் படம்பிடித்து நாக்ஸோஸ் நிறுவனம் வெளியிட்ட ஒளிவட்டைப் பார்த்த பிறகே உணர்ந்தேன். இந்த மதிப்புரை அந்த ஒளிவட்டைப் பற்றியது.

முதலில் கதை. ஆண்டு 1756. பாரிஸுக்குத் தெற்கே, குதிரை மாற்றும் நிலையம் உள்ள லோன்ஜுமோ என்னும் சிற்றூர். அங்கே அஞ்சல் வண்டி ஓட்டும் ஷப்லூ என்ற இளைஞனுக்கும், விடுதி நடத்தும் மத்லேனுக்கும் அன்றுதான் திருமணம் முடிந்திருக்கிறது. அந்த வழியாகப் பயணம் செய்த மார்க்கி த கோர்சி என்ற பிரபு, வண்டிச் சக்கரம் உடைந்ததால் ஊரில் தங்க நேர்கிறது. அவர் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஓபராவுக்குப் பொறுப்பானவர். நல்ல டெனர் கிடைக்காமல் தவிப்பவர். கல்யாண வீட்டில் ஷப்லூ பாடுவதைக் கேட்டதும் அவனை அப்போதே பாரிஸுக்குக் கிளம்பச் சொல்கிறார். அன்றிரவே போக வேண்டும், இல்லையென்றால் வாய்ப்பு இல்லை. அவன் போய்விடுகிறான். மணமகள் வாசலில் நிற்கிறாள். சக்கரத்தைச் சரிசெய்த கொல்லன் பிஜுவும் பாடும் ஆசையில் பாரிஸுக்குப் போகிறான்.

பத்து ஆண்டுகள் கழித்து இரண்டாம் அங்கம் தொடங்குகிறது. ஷப்லூ இப்போது சேன்-ஃபார் என்ற பெயரில் ஓபராவின் முதன்மை டெனர்; பிஜு, அல்சேந்தோர் என்ற ஆடம்பரப் பெயருடன் கோரஸில் பாடுகிறான். மத்லேனுக்கு உறவினர் சொத்து வந்து சேர்ந்து, அவள் மதாம் த லத்தூர் என்ற சீமாட்டியாகிவிட்டாள். பழிவாங்க வேண்டும் என்ற எண்ணமும் இன்னும் தணியாத அன்பும் சேர்ந்து அவளை உந்துகின்றன. தன் மனைவியென்று அறியாமலே சேன்-ஃபார் அந்தச் சீமாட்டியிடம் மயங்குகிறான். ஏற்கெனவே மணமானவன் ஆதலால், கோரஸ் பாடகன் பூர்தோனுக்குப் பாதிரியார் வேடம் போட்டுப் பொய்க் கல்யாணம் செய்யத் திட்டமிடுகிறான். அவளோ உண்மையான பாதிரியாரையே வரவழைத்துவிடுகிறாள். ஆக, இரண்டு மனைவியரை மணந்த குற்றத்துக்குத் தூக்குக் கயிறு அவனுக்காகக் காத்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு மனைவியரும் ஒருத்தியேதான்.

இந்தக் கதையை அதோல்ஃப் த லோவேனும் பிரன்ஸ்விக்கும் எழுதினார்கள். ஓபரா கொமீக் என்ற பெயரைக் கேட்டு இதை வெறும் நகைச்சுவை ஓபரா என்று எண்ணிவிடக் கூடாது. பாட்டுக்கு நடுவே வசனத்தைப் பேச்சாகவே பேசும் நாடக வகைக்கு பிரான்சில் வழங்கிய பெயர் அது; அந்த வகையை வளர்த்த நாடக நிறுவனத்துக்கும் அதுவே பெயர். துயரத்தில் முடியும் ‘கார்மென்’கூட 1875இல் அதே நிறுவனத்தில்தான், அதே வகையில்தான் அரங்கேறியது. பாட்டும் வசனமும் மாறி மாறி வரும் இசை நாடகங்களைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகர்களுக்கு இந்த வடிவம் அந்நியமாக இருக்காது. முழுக்க முழுக்கப் பாடப்படும் இத்தாலிய ஓபராவைவிட இது நமக்கு நெருக்கமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆதாம் 1803இல் பிறந்தவர். தந்தை லூயி ஆதாம் பாரிஸ் இசைப்பள்ளியில் பியானோ கற்பித்தவர். மகன் இசையமைப்பாளராவதை அவர் விரும்பவில்லை. மகனோ ஜிம்னாஸ் நாடக அரங்கின் இசைக்குழுவில் முக்கோணக் கம்பியைத் தட்டும் வேலையில் சேர்ந்து, அரங்கத்தின் நெளிவுசுளிவுகளை உள்ளிருந்தே கற்றார். ஆசிரியர் புவல்தியூவின் ‘வெள்ளைச் சீமாட்டி’ 1825இல் அரங்கேறியபோது அதன் தொடக்க இசையை அமைக்க உதவியவரும் இவர்தான். பிற்காலத்தில் ‘ஜிசேல்’ நடன நாடகமும், உலகமெங்கும் கிறிஸ்துமஸ் இரவில் பாடப்படும் ‘கந்தீக் த நோயெல்’ பாட்டும் இவர் பெயரை நிலைநிறுத்தின. அந்த இரண்டும் வருவதற்கு முன், 1836 அக்டோபர் 13ஆம் நாள் அரங்கேறிய ‘அஞ்சல் வண்டிக்காரன்’தான் அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. மேடைக்குப் பின்னால் நடப்பதை நேரில் பார்த்தவரின் கை இதில் தெரிகிறது. இரண்டாம் அங்கத்தில், மார்க்கிக்காகப் பாட மறுக்கும் பாடகர்கள் தொண்டை கட்டிவிட்டதாக ஒருவர்பின் ஒருவராக நடிக்கிறார்கள்; குரல் இல்லை என்று குரலெடுத்து முறையிடும் அந்தக் குழுப்பாடலை, பாடகர்களோடு அன்றாடம் மல்லுக்கட்டாத ஒருவரால் எழுதியிருக்க முடியாது.

முதல் ஷப்லூவாகப் பாடிய ழான்-பாப்திஸ்த் ஷொலேயைப் பற்றிச் சொல்லாமல் அந்த ‘ரே’ சுரத்தைப் பற்றிப் பேச முடியாது. ‘ஃப்ரா தியாவோலோ’, ‘சாம்ப்பா’ ஆகிய ஓபராக்களின் நாயகர்களையும் முதலில் பாடியவர் அவர்தான். அவருடைய குரலின் கீழ்ப்பகுதி, டெனருக்குக் கீழான ஆண்குரலாகிய பாரிடோனைப் போலக் கனமானது. மேல்பகுதியோ லேசாக்கப்பட்ட தலைக்குரல். அக்காலத்துப் பிரெஞ்சு டெனர்கள் உச்ச சுரங்களை நெஞ்சிலிருந்து உரக்கப் பாடவில்லை. நெஞ்சுக்குரலோடு கள்ளக்குரலைக் கலந்து, நெய்யில் இழைத்ததுபோல மெல்ல ஏறினார்கள். ஆகவே ஆதாம் எழுதிய ‘ரே’ பலத்தைக் காட்டுவதற்கான சுரமல்ல. தன் அழகில் தானே மயங்கிய ஓர் இளைஞன் தொப்பியைச் சுழற்றிப் போடுவதுபோன்ற ஒரு மிடுக்கு.

அந்த முறை நெடுநாள் நிற்கவில்லை. ஆறே மாதங்கள் கழித்து, 1837 ஏப்ரலில், ழில்பேர் துப்ரே என்ற டெனர் பாரிஸ் ஓபராவில் ரொசீனியின் ‘கியோம் தெல்’லைப் பாடி, மேல் ‘தோ’வை முழு நெஞ்சுக்குரலில் எட்டிக் காட்டினார். கேட்டவர்களின் ரசனை மாறியது. பழைய மென்மையான ஏற்றம் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸிலிருந்து சேன்-ஜெர்மேனுக்குப் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. இடப்பக்கக் குதிரையின் மேல் முழங்கால் உயர முரட்டுக் காலணியோடு அமர்ந்து வண்டியை ஓட்டிய அஞ்சல் வண்டிக்காரர்களின் நாட்களும் எண்ணப்பட்டன. பாடும் முறையும் பாடப்பட்ட தொழிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடைபெற்றதை நினைத்துப் பார்த்தபின், இந்த உல்லாசமான இசையை முன்பு கேட்டதுபோல என்னால் கேட்க முடியவில்லை.

ஆனால் ஓபரா மறையவில்லை, ஊர் மாறியது. ஜெர்மானிய நாடுகளில் அது மொழிபெயர்ப்பில் வேர்கொண்டது. ஹாம்பர்கில் பிறந்த தியோடோர் வாக்டெல் குதிரை லாயம் நடத்தியவரின் மகன்; சாட்டை பிடித்துப் பழகியவர். அவர் ஷப்லூவாகத் தோன்றி, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப மேடையில் உண்மையாகவே சாட்டையைச் சொடுக்குவார். இந்தப் பாத்திரத்தை அவர் ஆயிரம் தடவைக்கு மேல் பாடியதாகச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெல்கெ ரோஸ்வெங்கெ ஜெர்மன் மொழியில் பதிவுசெய்த அந்தப் பாட்டில், ‘ரே’ ஒரு பீரங்கிபோல வெடிக்கிறது. 1952இல் ஸ்டாக்ஹோம் அரச ஓபராவில், அதுவரை வங்கியில் வேலைபார்த்துவந்த நிக்கோலாய் கெட்டா என்ற இளைஞர் ஷப்லூவாக அறிமுகமாகி ஒரே இரவில் பேசப்பட்டார். கதையின் நாயகனுக்கு நேர்ந்ததே பாடகருக்கும் நேர்ந்தது.

பிறந்த வீட்டில்தான் நிலைமை வேறு. ஓபரா கொமீக் நிறுவனத்தில் இந்தப் படைப்பு 1894க்குப் பிறகு மேடையேறவே இல்லை. நிறுவனத்தின் பழைய கட்டடம் 1887இல் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே தீப்பற்றி எரிந்தது, பலர் உயிரிழந்தனர். இன்றைய ஃபாவார் அரங்கு 1898இல்தான் திறக்கப்பட்டது. ஆக, தன் நிறுவனத்தின் புகழ்பெற்ற படைப்புகளுள் ஒன்றான இதை அந்தக் கட்டடத்தின் சுவர்கள் 2019 வரை கேட்டதே இல்லை. ஒளிவட்டைப் போட்டதும் அந்தப் பொன்முலாம் பூசிய அரங்கைப் பார்க்கும்போது இந்தச் செய்தியை நினைவில் வைத்திருந்தால், தொடக்க இசையே வேறுவிதமாக ஒலிக்கும்.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஷப்லூவாகப் பாடுபவர் அமெரிக்கரான மைக்கேல் ஸ்பைர்ஸ். இவரைத் தேர்ந்தெடுத்ததிலேயே இந்தத் தயாரிப்பு பாதி வெற்றியைப் பெற்றுவிட்டது. ஸ்பைர்ஸின் குரலும் ஷொலேயின் குரலைப் போலவே இரண்டு மாடிகளைக் கொண்டது: கீழே பாரிடோனின் கருமை, மேலே கலப்புக் குரலின் ஒளி. அந்தப் புகழ்பெற்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். வண்டிக்காரன் ஊருக்குள் நுழைந்தால் பெண்கள் எல்லாரும் மயங்குவார்கள், எவருக்கும் மசியாதவளின் இதயமும் அவன் குதிரையின் பின்னால் தொற்றிக்கொண்டு ஓடும் என்று முதல் கண்ணி சொல்கிறது. ‘இதயம் குதிரையில் ஓடும்’ என்ற அந்தச் சொற்றொடரை ஸ்பைர்ஸ் பாடுவதை மட்டும் தனியாக இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். சொற்களின் அசைகள் குளம்படிபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக விழுகின்றன; ஒன்றுகூட மழுங்குவதில்லை. தாவ வேண்டிய சுரத்துக்காக மூச்சைச் சேமிக்கும் பதற்றமும் இல்லை. கதை சொல்லும் உற்சாகத்திலேயே அவர் ‘ரே’வுக்குப் போய்விடுகிறார், திரும்பியும் வந்துவிடுகிறார். நான் கேட்ட பழைய பதிவுகள் பலவற்றில் அந்தச் சுரம் பாட்டின் நடுவே நட்டுவைத்த கொடிமரமாக இருந்தது. இங்கே அது பாட்டின் ஒரு சொல்லாக இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒளிவட்டின் முதன்மையான பயன் இதுதான்.

மத்லேனாக வரும் கனடா நாட்டு சொப்ரானோ (உச்சப் பெண்குரல்) பாடகி ஃப்ளோரி வாலிகெத்துக்கு இதைவிடக் கடினமான வேலை. முதல் அங்கத்தில் அவர் ஊர்ப்பெண். இரண்டாம் அங்கத்தில் அரண்மனைச் சீமாட்டி. மூன்றாம் அங்கத்திலோ இருட்டறையில் ஒரே நேரத்தில் இருவராகவும் பேச வேண்டும். மத்லேன் வந்துவிட்டாள், மதாம் த லத்தூரும் இங்கேயே இருக்கிறாள் என்று நம்பிக் கணவன் நடுங்க, அவள் ஒரு வாக்கியத்தை நாட்டுப்புறக் கொச்சையிலும் அடுத்ததைச் சீமாட்டியின் நாசூக்கிலும் சொல்கிறாள். வாலிகெத் குரலின் உயரத்தை மாற்றுவதோடு நிற்காமல், சொற்களை மெல்லும் விதத்தையே மாற்றிவிடுகிறார். பிரெஞ்சு தெரியாத எனக்கே எது எவள் என்பது திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளைப் பார்க்காமலே புரிந்தது. இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் அவர் தனியே பாடும் நீண்ட பாட்டும் சிறப்பானது. அவனைத் தண்டிக்கப் போகிறேன் என்று சொல்லும் இசை, அவனைப் பார்க்கப் போகிறேன் என்று நெகிழும் இடம் அதில் இருக்கிறது. பத்து ஆண்டுக் காத்திருப்பு முழுவதும் அந்த நெகிழ்ச்சியில் அடங்கிவிடுகிறது. கைவிடப்பட்ட பெண்ணின் வலியை ஆதாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அந்தப் பாட்டே சாட்சி.

பிஜுவாக வரும் லோரான் குப்லா, கோரஸ் பாடகர்களின் பெருமையைப் பறைசாற்றும் பாட்டில் அரங்கைக் கட்டிப்போடுகிறார். மூன்றாம் அங்கத்தில் சேன்-ஃபார், பிஜு, பூர்தோன் மூவரும் ‘தூக்கு, தூக்கு’ என்று அலறும் மூவர் பாட்டு, இந்த ஓபராவில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம். மரண பயத்தை இவ்வளவு துள்ளலான தாளத்தில் வைத்ததுதான் ஆதாமின் சாமர்த்தியம். மூவருடைய குரல்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓட, யார் முதலில் தூக்கில் ஏறுவது என்ற போட்டிபோல அது வளர்கிறது. மார்க்கியாக நடிக்கும் ஃபிராங்க் லெகெரினெல் அதிகம் பாட வேண்டியதில்லை, ஆனால் வசனத்தை அவர் கையாளும் பக்குவத்திலிருந்து மற்ற இளம் பாடகர்கள் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. செபாஸ்தியன் ரூலான் நடத்தும் ரூவான் நகர ஓபராவின் இசைக்குழு பாடகர்களை ஒருபோதும் மூழ்கடிப்பதில்லை. சுமார் 1,200 பேர் அமரும் அரங்கின் அளவை அறிந்த வாசிப்பு அது.

நெறியாளர் மிஷேல் ஃபோ கதையை இன்றைய காலத்துக்கு இழுத்துவரவில்லை. தீட்டிய திரைகளும் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களும் கொண்ட பழைய மேடையையே அவர் விரும்பியிருக்கிறார். நடிகர்கள் பெரும்பாலும் அவையோரை நேராக நோக்கியே பேசுகிறார்கள். உடைகளை வடிவமைத்தவர் ஆடை அலங்காரத் துறையில் புகழ்பெற்ற கிறிஸ்தியான் லாக்ருவா. அவருடைய பட்டும் பூவேலையும் பாத்திரங்களின் ஏற்றத்தைச் சொல்லாமல் சொல்கின்றன: வண்டிக்காரன் சேன்-ஃபார் ஆனதும் துணியின் அளவே பெருகிவிடுகிறது. இந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருந்தது. கதையே ஒப்பனையையும் பொய்ப்பெயரையும் பற்றியது. அதை இயல்பாக நடிக்க முயன்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

குறை என்று சொல்ல வேண்டுமானால், சீமாட்டியின் பணிப்பெண் ரோஸாக நெறியாளரே பெண் வேடமிட்டு வரும் காட்சிகளைச் சொல்வேன். அவர் தேர்ந்த நடிகர். அரங்கில் சிரிப்பலை எழுகிறது. ஆனாலும் அந்தக் காட்சிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. இரண்டாம் அங்கத்தின் ஓட்டம் அங்கே தளர்கிறது. வசனத்தை எல்லாரும் நிறுத்தி நிறுத்தி, ராகம் போட்டதுபோலப் பேசுவதும் நேரில் பார்ப்பவர்களுக்கு அளித்த சுவையைத் திரையில் பார்ப்பவர்களுக்கு அளிக்கவில்லை. படக்கருவி முகத்துக்கு மிக அருகே போகும்போது, தொலைவில் அமர்ந்திருப்பவர்களுக்காகச் செய்த நடிப்பும் தடித்த ஒப்பனையும் மிகையாகத் தெரிகின்றன. இத்தகைய தயாரிப்புக்கு எட்ட நின்று பார்க்கும் காட்சிகளே கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

ஒலியை மட்டும் நாடுபவர்களுக்கு 1985இல் பதிவான குறுந்தகடு ஒன்று உண்டு. மான்டி கார்லோ இசைக்குழுவைத் தாமஸ் ஃபுல்டன் நடத்த, ஜான் ஏலரும் ஜூன் ஆண்டர்சனும் பாடிய பதிவு அது. ஏலரின் குரல் ஸ்பைர்ஸுடையதைவிட மெலிதானது, இனிமையானது. அந்தப் புகழ்பெற்ற பாட்டில் வாலிபத்தின் அசட்டுத் துணிச்சல் அவரிடம் அதிகம். ஆண்டர்சனின் சுரச் சுழற்சிகளும் வாலிகெத்தினுடையவற்றைவிடப் பளிச்சிடுகின்றன. ஆனால் இருட்டறைக் காட்சியில் ஒருத்தி இருவராவதைக் கண்ணால் காணும் இன்பத்தைக் குறுந்தகடு தராது. கோரஸ் பாடகர்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சாய்வதையும் தராது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் தயங்காமல் ஒளிவட்டையே பரிந்துரைப்பேன்.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேராக அந்தப் பாட்டுக்குத் தாவ வேண்டாம். கல்யாணக் கோரஸிலிருந்து தொடங்குங்கள். மணமக்கள் இருவரும் தத்தம் இரகசியத்தை ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்ளும் இருவர் பாட்டைக் கேளுங்கள். அதன்பிறகு ஷப்லூ பாடத் தொடங்கும்போது, மேடையின் ஓரத்தில் அவனையே பார்த்துக்கொண்டிருக்கும் மத்லேன் கண்ணில் படுவாள். எல்லாரும் கைதட்டப்போகும் அந்தச் சுரம்தான் தன் கணவனை அன்றிரவே தன்னிடமிருந்து பிரிக்கப்போகிறது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.